கடைசிச் சுத்து

மாரிகுப்பம் ஸ்டேஷன் ரோட்டில் இன்பராஜ் மேஸ்திரியின் ஷெட்டுக்கு வண்டி கொண்டுவருகிறவர்களுக்கு முதலில் கிடைப்பது திட்டு. வேலை அப்புறம்தான். "இந்த டப்பாவ வாங்கச் சொல்லி உன்ன யாரு அடிச்சாங்க?" என்பது அவருடைய வழக்கமான வரவேற்பு. பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற பையனானாலும் சரி, ரிட்டயர்டு போலீஸ்காரரானாலும் சரி, எல்லாருக்கும் ஒரே மரியாதைதான். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸைத் திறந்து, திரும்ப மூடி, மூடியதை ஓடவும் வைக்கிற ஆள் தங்கவயல் முழுக்க அவர் ஒருத்தர்தான். அவரை விட்டால் வண்டியை லாரியில் ஏற்றிப் பெங்களூருக்கு அனுப்ப வேண்டும். கறக்கிற மாடு உதைக்கத்தான் செய்யும் என்று ஜனங்கள் பொறுத்துக்கொண்டார்கள். இவருக்கு இன்பராஜ் என்று பெயர் வைத்தவர்கள் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டார்கள் என்று அவர் மனைவி கரோலினே சொல்வாள்.

ஐம்பத்து மூன்று வயதுக்குள் அவர் சண்டை போடாத இடம் ஊரில் பாக்கி இல்லை. கரண்டு ஆபீசில் சண்டை. பால்காரனோடு சண்டை. கோயிலில் கீபோர்டு சத்தம் பாட்டை அமுக்குகிறது என்று பாடகர் குழுவோடு சண்டை. ஆனால் இதெல்லாம் இரண்டு நாள் காய்ச்சல். மூன்றாம் நாள் அவரே வலியப் போய் "இன்னாய்யா, நாஷ்டா ஆச்சா?" என்று கேட்டுவிடுவார். ஆறாத சண்டை ஒன்றே ஒன்றுதான். அது கூடப்பிறந்த தம்பி வால்டரோடு. பதினோரு வருஷமாக இரண்டு பேரும் ஒருத்தர் முகத்தில் ஒருத்தர் முழிப்பது கிடையாது.

அந்தச் சண்டையைச் சொல்வதற்கு முன்னால், ஊரின் தங்கச் சுரங்கமான மைன்ஸில் இருந்த ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். இன்பராஜ் ஒன்பது வருஷம் சுரங்கத்துக்குள் பம்ப் ஃபிட்டராக இருந்தவர். கீழே லெவல்களில் ஊறுகிற தண்ணீரை மேலே தள்ளுகிற பெரிய பம்புகள் அவை. குழாய் மூட்டெல்லாம் வார்ப்பிரும்பு. போல்ட் ஒவ்வொன்றும் கட்டைவிரல் தடிமன். சின்ன ஃபிட்டர் எல்லா போல்ட்டையும் இறுக்கி முடித்ததும், பெரிய ஃபிட்டர் வந்து ஸ்பேனரின் வாலில் ஒரு பைப்பைச் சொருகி, ஒவ்வொன்றுக்கும் இன்னொரு கால் சுத்து கொடுப்பார். அதற்குப் பெயர் கடைசிச் சுத்து. அடுத்தவன் இறுக்கியதை நம்பி யாரும் ஷிப்ட் முடித்து மேலே வரமாட்டார்கள். ஒழுகினால் அங்கே கணக்கு உயிரில்தான். இன்பராஜின் அப்பா பர்னபாஸ் அதே பம்ப் செக்ஷனில் மேஸ்திரி. பிள்ளைகள் மூடிவிட்டு வந்த வீட்டுக் குழாயைக்கூட எழுந்து போய் இன்னொரு தரம் மூடிவிட்டு வருகிற மனுஷன்.

மைன்ஸ் மூடியபோது இன்பராஜுக்கு முப்பது முடியவில்லை. பெங்களூரில் ஒரு கியர்பாக்ஸ் கடையில் நாலு வருஷம் எண்ணெய்த் துணியோடு துணியாகக் கிடந்து தொழில் கற்றுக்கொண்டு, ஊர் திரும்பி இந்த ஷெட்டைப் போட்டார். தன்னைவிட ஒன்பது வயது சின்னவனான வால்டரையும் சேர்த்துக்கொண்டார். வால்டர் சுரங்கத்துக்குள் காலே வைக்காதவன். கம்பெனி புஸ்தகம் பார்த்து, செல்போனில் வீடியோ பார்த்து வேலை செய்வான். எந்த போல்ட்டுக்கு எவ்வளவு பலம் என்று அளந்து, அளவு வந்ததும் 'டக்' என்று சத்தம் போடுகிற டார்க் ரெஞ்ச் ஒன்றை வாங்கி வைத்திருந்தான். அண்ணனுக்கு அதைக் கண்டாலே எரியும். சத்தம் கேட்டு இறுக்குகிறவனெல்லாம் ஃபிட்டரா என்பார்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் பங்காரப்பேட்டை டாக்டர் ஒருத்தருடைய கார் வந்தது. கியர்பாக்ஸின் அடியில் எண்ணெய் தங்குகிற தட்டுக்குச் சேம்பர் என்று பெயர். அதைக் கழற்றிக் கழுவி, ஒழுகாமலிருக்க நடுவில் வைக்கிற பேக்கிங்கையும் மாற்றித் திரும்ப மூடியது வால்டர். டாக்டர் குடும்பத்தோடு கிளம்பினார். பாதி வழியில் சேம்பர் போல்ட் விட்டுப்போய், எண்ணெயெல்லாம் ரோட்டில் கொட்டி, கியர்பாக்ஸ் வெந்து, வண்டி நடுரோட்டில் நின்றுவிட்டது. பின்னால் வந்த லாரி பிரேக் போட்டு ஒரு முழம் தள்ளி நின்றதால் நாலு உயிர் தப்பியது. வண்டியைக் கட்டி இழுத்து வந்ததும் இன்பராஜ் கீழே கை விட்டுப் பார்த்தார். ஐந்து போல்ட் விரலாலேயே சுற்றின.

"லூஸா வுட்டுருக்கான்," என்றார்.

"நான் மீட்டர் வச்சு இறுக்கினேண்ணா. அப்பறம் நீ ஒரு தபா கீழ போன. நீ எதனா பண்ணியா?"

"நானா? நான் தொடவே இல்ல."

சத்தியம் பண்ணினார். பொய்ச் சத்தியம் இல்லை, நெஞ்சறிய நம்பித்தான் பண்ணினார். தம்பியின் சாமான் பெட்டியைத் தூக்கி ரோட்டில் எறிந்தார். அதோடு விட்டிருக்கலாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனையில், கடவுள் செய்த நன்மையைச் சபைக்கு முன் சாட்சியாகச் சொல்கிற நேரம் வந்தபோது எழுந்து நின்றார். "என் தம்பி கைத்தவறால ஒரு குடும்பமே அழிஞ்சிருக்கும். கர்த்தர் காப்பாத்தினார், அவருக்கு ஸ்தோத்திரம்" என்று சபை முழுக்கக் கேட்கும்படி சொன்னார். நாலாவது பெஞ்சில் பெண்டாட்டியோடும் கைக்குழந்தையோடும் உட்கார்ந்திருந்த வால்டர் எழுந்து வெளியே போனான். கடவுளுக்கு நன்றி சொல்கிற சாக்கில் ஒருத்தன் பிழைப்பில் மண்ணைப் போடலாம் என்று அன்றைக்குத்தான் ஊர் பார்த்தது. அதற்குப் பிறகு தங்கவயலில் ஒருத்தரும் வால்டர் கையில் கியர்பாக்ஸைக் கொடுக்கவில்லை. அப்பா பர்னபாஸும் மூத்தவன் சொன்னதையே நம்பி, சின்னவனோடு பேசாமலே செத்துப்போனார்.

வால்டர் யார் யாருக்கோ டிரைவர் வேலை பார்த்தான். பிறகு பழைய இரும்புக்குப் போக இருந்த ஒரு காண்டஸா காரை வாங்கி, வருஷக் கணக்காகக் கட்டினான். பாலாடை நிறப் பெயிண்ட், தோல் சீட், ஜப்பான் கார் ஒன்றிலிருந்து கழற்றி வந்த எஞ்சினும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸும். ராபர்ட்சன்பேட்டையிலிருந்து குப்பம் வரை கோயில் கல்யாணமென்றால் பெண் வந்து இறங்குவது அந்த வண்டியில்தான். ரோட்டில் அது எதிரே வந்தால் இன்பராஜ் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு துப்புவார்.

அந்த வண்டிதான் போன ஜூன் மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை நேராக ஷெட்டுக்குள் வந்து நின்றது.

பக்கத்து டீக்கடைப் பெருமாள் அடுப்பில் பாலை அப்படியே விட்டுவிட்டு வந்துவிட்டார். ஊர்ச் செய்தி எதுவும் அவரைத் தாண்டிப் போனதில்லை.

"வணக்கம் மேஸ்திரி," என்றான் வால்டர். அண்ணா என்ற வார்த்தை வரவில்லை.

"இன்னா வேல உனக்கு இங்க?"

"எனக்கு வேல இல்ல, வண்டிக்குத்தான். கியர்பாக்ஸ் லீக். கஸ்டமரா வந்திருக்கேன். நீங்க பாக்கறதுன்னா பாருங்க, இல்லன்னா இல்லன்னு சொல்லிடுங்க."

கூடப்பிறந்தவன் 'நீங்க' என்றது கெட்ட வார்த்தையை விடச் சுருக்கென்று தைத்தது.

"ஏன், பெங்களூரு மூழ்கிப்போச்சா? ஸ்டைலா அங்கதான போவ?"

"அங்க மாட்டின பார்ட்டுதான் ஒழுகுது. சனிக்கிழம ராபர்ட்சன்பேட்டைல கல்யாணம். பொண்ணு வெள்ள கவுனோட இறங்கற எடத்துல செவப்பா சொட்டிகினு இருந்தா நல்லாவா இருக்கும்?"

திருப்பி அனுப்பியிருக்கலாம். ஆனால் பெருமாள் பார்த்துக்கொண்டிருந்தார். முடியாது என்றால் தெரியாது என்று அர்த்தமாகிவிடும். அதோடு, தம்பியின் வண்டி ஒழுகுவதைக் கேட்க இன்பராஜுக்கு உள்ளுக்குள் இனித்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

"வுட்டுட்டுப் போ."

"வுட்டுட்டுப் போறதில்ல. கூடவே இருப்பேன். லீக் எங்கன்னு நீங்க கண்டுபுடிங்க, பேக்கிங் நீங்க வெட்டுங்க. சேம்பர் போல்ட்ட இறுக்கறது என் கை."

"உன் கை லட்சணம் ஊருக்கே தெரியும்."

"அத்ததான் பேசறேன். இந்த தபா நான் இறுக்கி ஒழுகிச்சின்னா நீங்க சொன்ன சாட்சி நெஜம். வண்டிய சாவியோட உங்ககிட்ட குடுத்துட்டு நான் பெயிண்ட் வேலைக்குப் போறேன். ஒழுகலன்னா, அன்னிக்கும் என் கை சரியாதான் இறுக்கிச்சு. சாட்சி சொன்ன அதே எடத்துல நின்னு அத்த நீங்க சொல்லணும்."

பெருமாள் கடையில் பால் பொங்கி அடுப்பு அணைந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"சரி," என்று இன்பராஜ் சிரித்தார். "சாவிய இப்பவே துடைச்சு வையி."

வாய்தான் அப்படி, வேலையில் அவரைக் குறை சொல்ல முடியாது. கியர்பாக்ஸ் அடியை மண்ணெண்ணெய் போட்டுக் கழுவி உலர்த்தி, குழந்தைகளுக்குப் போடுகிற பவுடரை அதன் மேல் எல்லாப் பக்கமும் தட்டினார். எஞ்சினை ஓடவிட்டு டார்ச்சோடு கீழே படுத்தார். வெள்ளைப் பவுடரில் சிவப்பு எண்ணெய் எங்கே முதலில் கோடு போடுகிறதோ அங்கேதான் ஓட்டை. கால் மணியில் இரண்டு இடம் அகப்பட்டது.

"வா, வந்து பாரு உன் பெங்களூரு அழக," என்று கூப்பிட்டார். எண்ணெயைக் குளிரவைக்க முன்னால் ஒரு சின்ன ரேடியேட்டரை மாட்டியிருந்தார்கள். அதற்குப் போட்டிருந்தது தண்ணீர் போகிற சாதாரண ரப்பர் ஓஸ். எண்ணெய் பட்டு ஊறி, ஊறின அப்பளம் மாதிரி தொளதொளத்துக் கிடந்தது. அடுத்தது சேம்பர். பழைய தகரச் சேம்பரை எடுத்துவிட்டு, பளபளவென்று வரிவரியாக இருக்கிற அலுமினியச் சேம்பரைப் போட்டிருந்தார்கள். கம்பெனி சாமான் இல்லை, ஆன்லைனில் வாங்கியது. அதோடு வந்த போல்ட்டுகள் நீளம். சேம்பரை அழுத்துவதற்கு முன்னாலேயே அவை குழியின் அடியில் போய் முட்டி நின்றுவிடும். இறுகிவிட்டது என்று கை நினைத்துக்கொள்ளும், ஆனால் இறுகியிருக்காது. அதை மறைக்க விரல் தடிமனுக்குப் பசையை அப்பியிருந்தார்கள்.

"இது பேக்கிங்கா, பஞ்சு மெத்தையா? இத்த மாட்டினவன் கைய வெட்டணும். காசு குடுத்து மாட்டிகினவன் கையயும் சேத்து வெட்டணும்."

"வெட்டிக்கலாம். மொதல்ல பேக்கிங்க வெட்டுங்க," என்றான் வால்டர்.

சரியான ஓஸ் வந்து சேர ஒரு நாள் ஆனது. சரியான நீளத்தில் பதினெட்டு போல்ட் தேட இன்னொரு நாள். இரண்டு நாளும் வால்டர் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தான். இரண்டு நாளும் அண்ணன் வாய் ஓயவில்லை. தம்பி வாய் திறக்கவில்லை. புது பேக்கிங் வெட்டும்போது, எப்போதும்போல ஒன்றுக்கு இரண்டாக வெட்டி ஒன்றைச் சுவரில் மாட்டினார் இன்பராஜ்.

வியாழக்கிழமை மத்தியானம் வால்டர் வண்டிக்கு அடியில் போனான். நடுவிலிருந்து ஓரத்துக்கு, ஒன்றுக்கு எதிரே இன்னொன்று என்று முறை வைத்துப் பதினெட்டு போல்ட்டையும் அந்த டார்க் ரெஞ்சால் இறுக்கினான். டக், டக் என்று அரை மணி நேரம் கேட்ட சத்தத்தில் இன்பராஜ் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். எண்ணெய் ஊற்றினார்கள். புதுப் பவுடர் தட்டினார்கள். ஒரு மணி நேரம் எஞ்சின் ஓடியது. பெருமாள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தரையில் படுத்துப் பார்த்தார்.

"சுத்தமா கீது மேஸ்திரி. ஒரு சொட்டு இல்ல."

"ஒரு சூட்டுல ஒண்ணும் தெரியாது," என்றார் இன்பராஜ். "ராவெல்லாம் ஆறட்டும். காலைல திரும்ப சூடேத்திப் பாத்துட்டுதான் சொல்லணும். அதான் இந்த ஷெட்டு ரூல்."

"ரூல் ரூல்தான்," என்று ஒத்துக்கொண்ட வால்டர், செல்போன் வெளிச்சத்தோடு கடைசியாக ஒரு தடவை அடியில் போய் ஐந்து நிமிஷம் இருந்துவிட்டு வெளியே வந்தான். கையைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போனான். சாயந்தரம் இன்பராஜ் வழக்கம்போல ஷெட்டில் நின்ற எல்லா வண்டிக்கும் அடியில் ஒரு தடவை போய்வந்து, ஸ்பேனர்களைத் துடைத்து மாட்டி, பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு கிளம்பினார்.

வீட்டில் கரோலின் தட்டு வைத்தபடியே கேட்டாள். "ஒழுகலன்னா இன்னா பண்ணுவீங்க?"

"ஒழுகும்."

"ஒழுகலன்னு வச்சிக்கோங்க."

"ஒழுகும்னு சொல்றேன் இல்ல?" என்று தட்டைத் தள்ளினார். ஒழுகவில்லையென்றால் பதினோரு வருஷத்துக்கு என்ன பதில் என்று அவர் யோசிக்கவில்லை. யோசித்தால் சோறு இறங்காது என்று வயிற்றுக்குத் தெரிந்திருந்தது. படுக்கப்போகும் முன் ஜெபம் பண்ணினார். ஒழுகட்டும் என்று கேட்கவில்லை. ஒழுக வேண்டாம் என்றும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு மூன்று பேரும் ஷெட்டில் இருந்தார்கள். எஞ்சினைப் போட்டுப் பத்து நிமிஷம் ஆகவில்லை, பவுடரில் ஒரு சிவப்புக் கோடு இறங்கியது. பக்கத்திலேயே இன்னொன்று. பிறகு தரையில் சொட்டு விழ ஆரம்பித்தது.

"பாத்தியா! பாத்தியா பெருமாளு!" இன்பராஜ் தொடையில் தட்டினார். ஷெட் எதிரொலித்தது. "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். பெங்களூரு பார்ட்டு, பெங்களூரு பார்ட்டுன்னு அழுதானே! அன்னிக்கு வுட்ட அதே கைதான் இன்னிக்கும் வுட்டுச்சு. குடு சாவிய."

வால்டர் சாவியை எடுத்து நீட்டவில்லை. அவன் முகம் மாறவும் இல்லை. பெருமாளுக்கு அதைப் பார்த்துத்தான் பயமாக இருந்தது.

"சாவி எங்கயும் போவாது. மொதல்ல எங்க ஒழுகுதுன்னு கீழ போய்ப் பாருங்க மேஸ்திரி. லைட்ட கிட்ட புடிச்சுப் பாருங்க."

இன்பராஜ் முனகிக்கொண்டே அடியில் போனார். பேக்கிங் இரண்டு இடத்தில் பிதுங்கி நாக்கைத் துருத்திக்கொண்டிருந்தது. ஏழாவது போல்ட்டைத் தொட்டார். விரலோடு சுற்றியது, குழியின் திருகு இழை போய்விட்டது. லூஸா வுட்டுருக்கான் என்று சொல்ல வாயெடுத்தவர், லைட்டைக் கிட்டே கொண்டுபோனபோது வேறொன்றைப் பார்த்தார். போல்ட் தலையில் மெல்லிய ரோஸ் நிறக் கோடு ஒன்று இருந்தது. பெண்கள் நகத்துக்குப் போடுகிற பாலிஷ். பக்கத்தில் சேம்பர் மேலும் அதே ரோஸ் கோடு. இரண்டும் ஒரே நேர்கோடாக இழுக்கப்பட்டவை. இப்போது நேராக இல்லை. தலை மேல் இருந்த கோடு கால் சுத்து விலகி நின்றது. அடுத்த போல்ட்டைப் பார்த்தார், அதுவும் கால் சுத்து. அதற்கடுத்தது, அதற்கடுத்தது. பதினெட்டும் அப்படித்தான்.

சதி என்றுதான் முதலில் நினைத்தார். இவனே ராத்திரி வந்து திருகிவிட்டுப் போயிருப்பான். ஆனால் பூட்டு உடையவில்லை, சாவி அவர் இடுப்பை விட்டு இறங்கவில்லை. வெளியே ஊர்ந்து வந்து, யாரையும் பார்க்காமல், சுவரில் மாட்டியிருந்த தன் பத்தாம் நம்பர் ஸ்பேனரை எடுத்தார். துடைத்துத்தான் மாட்டியிருந்தார். துடைத்த துணி எட்டாத வாயின் உள்மூலையில் ரோஸ் நிறப் பிசிறு ஒட்டிக்கொண்டிருந்தது.

திரும்ப அடியில் போய்ப் படுத்துக்கொண்டார். ஏன் போனார் என்று அவருக்கே தெரியவில்லை, முகத்தைக் காட்டாமல் இருக்க வேறு இடம் இல்லை. நேற்றுச் சாயந்தரம் இந்த போல்ட்டுகளைத் தொட்டதாக எவ்வளவு யோசித்தாலும் ஞாபகம் வரவில்லை. வீட்டை விட்டுக் கிளம்பும்போது கதவை இழுத்துப் பார்க்கிற மாதிரி கை பாட்டுக்குச் செய்திருக்கிறது. வார்ப்பிரும்பு பொறுத்துக்கொண்ட கால் சுத்தைக் கியர்பாக்ஸின் அலுமினிய உடம்பு பொறுக்கவில்லை. அளவுக்கு மேல் இறுக்கினால் இழை அறுந்து போல்ட் லூஸாகத்தான் சுற்றும். இதைப் பத்து கஸ்டமரிடம் அவரே சொல்லித் திட்டியிருக்கிறார். டாக்டர் வண்டியில் ஐந்து போல்ட் விரலால் சுற்றியபோது மட்டும் ஏன் தோன்றவில்லை?

"எத்தினி கோடு நேரா கீது?" என்று மேலேயிருந்து வால்டரின் குரல் கேட்டது.

அடியில் லைட் வெளிச்சம் ஒரு போல்ட்டிலிருந்து அடுத்த போல்ட்டுக்கு நகர்ந்தது.

"எண்ணிச் சொல்லுங்க மேஸ்திரி. பெருமாளண்ணனும் கேக்கட்டும்."

"ஒண்ணும் இல்ல."

வெளியே வந்தவருக்குத் தம்பியை ஓங்கி அறைய வேண்டும் என்றுதான் கை துடித்தது. "வேணும்னே செஞ்சிருக்க நீ. என்ன மாட்டி வுடணும்னே வந்திருக்க."

"ஆமா, வேணும்னேதான். என் பொண்டாட்டி பாலிஷ்ல கோடு போட்டேன். நான் கோடு மட்டும்தான் போட்டேன். இறுக்கினது யாரு?"

"நான்தான்."

"அன்னிக்கு?"

"எனக்கு ஞாபகம் இல்ல வால்டர். சத்தியமா ஞாபகம் இல்ல."

"நேத்து இறுக்கினது ஞாபகம் இருக்குதா?"

இன்பராஜ் ஸ்பேனரையே பார்த்துக்கொண்டிருந்தார். "இல்ல," என்றார். ஸ்பேனரைச் சுவரில் திரும்ப மாட்டிவிட்டு, "அன்னிக்கும் நான்தான்," என்றார்.

மன்னிப்பு, கண்ணீர், கட்டிப்பிடித்தல் எதுவும் நடக்கவில்லை. வால்டர் சுவரில் இருந்த இரண்டாவது பேக்கிங்கை எடுத்துக்கொண்டு அடியில் போனான். அறுந்துபோன ஏழாவது குழியில் புது இழை போட இன்பராஜ் தேவைப்பட்டார், போட்டார். போட்டு முடித்ததும் வால்டர் சொன்னான், "இப்ப போய் ஸ்டூல்ல உக்காருங்க. கைய பாக்கெட்ல வச்சிக்கோங்க." தங்கவயலில் யாரும் இன்பராஜிடம் அப்படிப் பேசியதில்லை. அவர் உட்கார்ந்தார். டக், டக் என்று பதினெட்டுச் சத்தத்தையும் கேட்டார். அன்று சாயந்தரம் ஷெட்டைப் பூட்டும்போது பெருமாளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிற்கவைத்துக்கொண்டார். சனிக்கிழமை காலை சூடேற்றிப் பார்த்தபோது சேம்பர் காய்ந்து கிடந்தது. கல்யாணம் நடந்தது. கோயில் வாசலில் ஒரு சொட்டு விழவில்லை என்று பெருமாளே நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் சாட்சி நேரம் வந்தது. இன்பராஜ் எழுந்து நின்றார். பாடகர் குழுவில் ஒருத்தன் கீபோர்டு சத்தத்தைக் குறைத்தான், இன்னொரு சண்டை வருகிறது என்று நினைத்திருப்பான்.

"பதினோரு வருஷம் முன்னாடி இதே எடத்துல என் தம்பி வால்டர் மேல ஒரு பழி சொன்னேன். டாக்டர் வண்டி போல்ட்ட அவன் லூஸா வுட்டான்னு சொன்னேன். அது பொய். அவன் சரியா இறுக்கினத, நான் போய் மேல இறுக்கிக் கெடுத்தேன். அவன் பொழப்பு என்னாலதான் போச்சு."

சபை அதிர்ந்துபோகும், யாராவது அழுவார்கள், யாராவது திட்டுவார்கள் என்று காத்திருந்தார். ஒன்றும் நடக்கவில்லை. முன் பெஞ்சில் ஒரு அம்மா பாட்டுப் புத்தகத்தால் விசிறிக்கொண்டிருந்தாள். பாஸ்டர் "ஸ்தோத்திரம்" என்றார், அடுத்த பாட்டு ஆரம்பித்தது.

ஆராதனை முடிந்ததும் கமிட்டியில் இருக்கிற மனோகர் வந்து தோளில் கை போட்டார். "இதுக்கு போயி இவ்ளோ சங்கடப்படணுமா இன்பராஜு? தெரிஞ்ச விஷயம்தான?"

"தெரிஞ்ச விஷயமா?"

"பின்ன? உன்னாண்ட வர்ற வண்டி எல்லாத்துக்கும் நீ ஒரு சுத்து மேல குடுப்பியே. என் வண்டில ரெண்டு போல்ட்டு அப்படித்தான் போச்சு. நான் வெளிய குடுத்து மாத்திகினேன். டாக்டர் வண்டி விஷயம் அப்பவே எல்லாரும் பேசிகினதுதான்."

"அப்பவேன்னா? நான் சாட்சி சொன்னப்பவா?"

"ஆமா. உன் வாய்க்கு பயந்து யாரு சொல்றது?" என்று மனோகர் சிரித்தார். பக்கத்தில் நின்ற இரண்டு பேரும் சிரித்தார்கள். இன்பராஜ் கரோலினைப் பார்த்தார். அவள் பைபிளை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். அவளுக்கும் தெரிந்திருக்கிறது. மனோகரின் கையைத் தோளிலிருந்து எடுத்துவிட்டு வாசலுக்கு நடந்தார்.

வெளியே ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் மரத்தடியில் காண்டஸா நின்றது. வால்டர் இறங்காமல் கண்ணாடியை மட்டும் இறக்கியிருந்தான். இன்பராஜ் ரோட்டைத் தாண்டிப் போனார்.

"சொன்னியா?" 'நீங்க' போய் 'நீ' வந்திருந்தது.

"சொன்னேன்."

"இன்னா சொன்னாங்க?"

"எல்லாருக்கும் முன்னயே தெரியுமாம்." இறக்கிய கண்ணாடியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "பதினோரு வருஷமா தெரியுமாம்டா. தெரிஞ்சிகினே உனக்கு வேல குடுக்காம இருந்திருக்காங்க. வீட்டுக்கு வா வால்டர். கரோலின் சமைச்சு வச்சிருக்கா."

"அதெல்லாம் வேணாம்." வால்டர் எஞ்சினைப் போட்டான். கோயில் படியில் நின்று பேசிக்கொண்டிருந்த கூட்டத்தை ஒரு தடவை பார்த்தான். "அவங்களுக்குத் தெரியும்னு எனக்கு அப்பவே தெரியும். அத்தன பேருல தெரியாம செஞ்சவன் நீ ஒருத்தன்தான். அதனாலதான் உன்னாண்ட மட்டும் வந்தேன்."

கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ராபர்ட்சன்பேட்டைப் பக்கம் வண்டியைத் திருப்பினான்.